பேட்டரி லைட் எரியுதா? பேட்டரியைத் திட்டாதீங்க!

சிவப்பாக ஒரு சின்னச் செங்கல். அதன் தலையில் இரண்டு குமிழ். உள்ளே ஒரு பக்கம் மைனஸ், மறுபக்கம் பிளஸ். கார் ஓட்டுகிற எல்லோரும் தினமும் பார்க்கிற படம்தான். சாவியைத் திருப்பியதும் மற்ற விளக்குகளோடு சேர்ந்து எரியும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். அதோடு அதை நாம் மறந்துவிடுவோம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது தானாக எரிய ஆரம்பித்தால்தான் வயிற்றில் புளி கரைக்கும்.

"என்னப்பா அது, சிவப்பா எரியுது?" என்று பின்சீட்டிலிருந்து பிள்ளை கேட்கும். "பேட்டரி வீக் ஆயிடுச்சு போல. நாளைக்குப் புதுசு போட்டுடலாம்" என்று அப்பா சொல்வார். பல வீடுகளில் பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் சில ஆயிரம் ரூபாய் செலவில் புது பேட்டரியும் வந்துவிடும். அதை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தால் அதே லைட், அதே இடத்தில், அதே சிவப்பில் எரியும். இரண்டொரு நாளில் புது பேட்டரியும் படுத்துவிடும்.

ஏனென்றால், அந்த லைட் பேட்டரியைப் பற்றிப் பேசவே இல்லை. படம்தான் பேட்டரி. அது சொல்ல வருவது வேறு.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது ரொம்ப சுலபம். காலையில் பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நிலவரம் பார்க்கிற ஊர் நம்முடையது. 120 அடியில் நீர்மட்டம் எவ்வளவு, நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று மூன்று எண்கள் இருக்கும். காரில் பேட்டரிதான் அணை. ஹெட்லைட், வைப்பர், ஏசி ஃபேன், பெட்ரோல் பம்ப், இன்ஜினின் கம்ப்யூட்டர் எல்லாம் பாசன வாய்க்கால்கள். நீர்வரத்து எங்கிருந்து? இன்ஜினோடு பெல்ட் போட்டுச் சுற்றுகிற ஆல்டர்னேட்டரிலிருந்து. ஒர்க்‌ஷாப்பில் இன்னும் 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள். பழைய கார்களில் இருந்தது உண்மையிலேயே டைனமோதான். 1960-ல் அமெரிக்காவில் வந்த வேலியன்ட் காரிலிருந்து அந்த இடத்தை ஆல்டர்னேட்டர் பிடிக்க ஆரம்பித்தது. பொருள் மாறினாலும் பேர் மாறவில்லை.

சிவப்பு லைட் எரிந்தால், "நீர்வரத்து நின்றுவிட்டது, இனி அணையில் இருப்பதை வைத்துத்தான் ஓடுகிறேன்" என்று கார் சொல்வதாக அர்த்தம். அணை நிரம்பி இருக்கலாம், பாதி இருக்கலாம், சேறு தட்டியும் இருக்கலாம். அதை லைட் சொல்லாது. ஆக, அந்த லைட்டைப் பார்த்த நிமிடத்திலிருந்து உங்களிடம் இருப்பது கொஞ்ச நேரம் மட்டும்தான்.

டிராக்டர் மாமா சொல்வது சரியா?

கிராமத்தில் யாருக்காவது போன் போட்டுக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாப்ள, பேசாம ஓட்டிட்டு வா" என்று ஒரு மாமா நிச்சயம் சொல்வார். அவர் அனுபவம் பொய்யில்லை. பழைய டிராக்டரிலும் பழைய டீசல் வண்டிகளிலும் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரன்ட்டே இல்லாமல் நாள் முழுக்க உழும். நிறுத்துவதற்குக்கூட ஒரு கம்பியை இழுத்தால் போதும். பேட்டரியே இல்லாமல் பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்த டிராக்டர்களை நம் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு.

ஆனால், இன்றைய கார் அந்த ஜாதி இல்லை. பெட்ரோலோ, காமன் ரயில் டீசலோ, எதுவாக இருந்தாலும் எரிபொருளை எப்போது எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று முடிவெடுப்பது கம்ப்யூட்டர். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்த பிறகு விற்ற எல்லா கார்களும் இப்படித்தான். கரன்ட் இறங்கினால் முதலில் ஹெட்லைட் மங்கும், வைப்பர் சோம்பலாக ஏறி இறங்கும், ஹாரன் தொண்டை கட்டும். பிறகு ஏ.பி.எஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் என்று ஒவ்வொரு எச்சரிக்கை லைட்டாக எரிந்து, டேஷ்போர்டு திருவிழா சீரியல் செட் மாதிரி ஆகிவிடும். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். கடைசியில் இன்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். அதனால் டிராக்டர் மாமாவின் அறிவுரையை டிராக்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எத்தனை நிமிடம் கிடைக்கும்?

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, பெரும்பாலும் ஜனவரியில் வரும். கச்சேரி கேட்டுவிட்டு ராத்திரி பத்தரைக்குத் தஞ்சாவூர் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 13 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ரோடு எப்படிப்பட்டது? காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஊர்ப் பெயருக்குக் காரணமான ஐந்து ஆறுகளும் குறுக்கே வரும். பாலத்தின் மேல் வண்டி நின்றால் ஒதுங்க இடமில்லை. டெல்டாவின் உள்ரோடுகள் பலவும் ஆற்றங்கரையையோ வாய்க்கால் கரையையோ ஒட்டித்தான் போகின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் ஒதுங்க ஓரம்கூட இல்லாத தார். அங்கே ஹெட்லைட்டும் இல்லாமல் கார் நின்று, பின்னால் கரும்பு லாரியோ அறுவடை இயந்திரமோ வந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

கணக்கைப் பார்ப்போம். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இன்ஜின் ஓட (பெட்ரோல் பம்ப், இக்னிஷன், கம்ப்யூட்டர், அவ்வப்போது ரேடியேட்டர் ஃபேன்) சுமார் 10 முதல் 15 ஆம்பியர் வேண்டும். 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு எரிந்தால் அது ஒரு 9 ஆம்பியர். மொத்தம் 25 என்று வையுங்கள். 35-ஐ 25-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வருகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். பேட்டரியில் போட்டிருக்கிற 35 என்பது, 20 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கிடைக்கிற அளவு. ஒரேயடியாக உறிஞ்சினால் அவ்வளவு தராது. தவிர, முழுக்கக் காலியாவதற்கு முன்பே வோல்டேஜ் இறங்கி இன்ஜின் நின்றுவிடும். மூன்று வயது பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரியில் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் பத்திரம். பகலில், மழையில்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

அந்த அரை மணி நேரத்தில் முதல் வேலை, ஏசியை அணைப்பது. புளோயர், பின்கண்ணாடி சூடேற்றி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பின்சீட்டில் பாட்டி இருந்தால் "புழுங்குதேடா" என்பார். ஜன்னலை இறக்கிவிடலாம், ஆனால் ஏற்றி ஏற்றி இறக்க வேண்டாம், அந்த மோட்டாரும் கரன்ட் குடிக்கும். ஹெட்லைட்டை மட்டும் ராத்திரியில் தொடாதீர்கள். கரன்ட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை அணைத்துவிட்டு நிலா வெளிச்சத்தில் ஓட்டுகிற வீரர்கள் இருக்கிறார்கள். அணையில் தண்ணீர் குறைகிறது என்பதற்காகக் குடிதண்ணீரை நிறுத்துவதற்குச் சமம் அது. லோ பீமில் போங்கள்.

போனை சார்ஜரிலிருந்து பிடுங்க வேண்டாம். பலரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். போன் சார்ஜர் இழுப்பது ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் அளவுக்குத்தான். வண்டி நின்றுவிட்டால் உங்களுக்குத் துணை அந்த போன்தான்.

இன்ஜினை அணைக்காதீர்கள். ரயில்வே கேட்டில் நின்றாலும், டீ குடிக்க நிறுத்தினாலும் ஓடட்டும். காரிலேயே மிக அதிகமாகக் கரன்ட் கேட்பது செல்ஃப் மோட்டார்தான். அணைத்துவிட்டு மறுபடி செல்ஃப் அடித்தால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் மிஞ்சும். சிக்னலில் தானாக இன்ஜினை நிறுத்துகிற வசதி உள்ள கார் என்றால் அந்த பட்டனை அணைத்து வையுங்கள்.

ஓட்டவே கூடாத நேரம்

இதுவரை சொன்னதெல்லாம் 'மெதுவாகப் பக்கத்து ஊர் வரை போய்விடலாம்' என்ற ரகம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது முக்கியம்.

ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற பெல்ட் (நம் ஒர்க்‌ஷாப் மொழியில் ஃபேன் பெல்ட்) பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் கரன்ட் மட்டும் நிற்காது, இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீரின் ஓட்டமும் நிற்கும். பேனட்டுக்குள் 'பட்'டென்று ஒரு சத்தம், உடனே பேட்டரி லைட், அதைத் தொடர்ந்து டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது அல்லது சிவப்பு தெர்மாமீட்டர் படம் எரிகிறது என்றால் பக்கத்து ஊரையெல்லாம் மறந்துவிடுங்கள். ஒதுங்க இடம் கிடைத்த முதல் இடத்தில் இன்ஜினை அணைக்க வேண்டும். இன்னும் நாலு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால், சில நூறு ரூபாய் பெல்ட்டோடு முடிய வேண்டியது, ஹெட் கேஸ்கெட், இன்ஜின் வேலை என்று போய்விடும். அணைத்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கிற ஆர்வத்தை அடக்குங்கள். கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள கார்களில் பெல்ட் அறுந்த அந்த நொடியே ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சில கார்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பெல்ட். உங்கள் காரில் எது எப்படி என்று அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது?

பெட்ரோல் பங்க் கிடைத்தால் நல்லது. அறுவடைக் காலத்தில் டெல்டாவில் இன்னொரு நல்ல இடம் உண்டு, நேரடி நெல் கொள்முதல் நிலையம். குவித்து வைத்த நெல்லுக்குக் காவலாக விவசாயிகள் ராத்திரி முழுக்க அங்கேயே படுத்திருப்பார்கள். வெளிச்சமும் இருக்கும், ஆளும் இருக்கும். காரை ஓரமாகத் தள்ளிவிட நாலு கையும் கிடைக்கும்.

அதே அறுவடைக் காலத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரோட்டோரம் வைக்கோல் பரப்பியிருக்கிற இடத்தில் காரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஓடி வந்த காரின் அடியில் சைலன்ஸர் பாகங்கள், குறிப்பாக கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். காய்ந்த வைக்கோல் அதில் பட்டால் பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. ரோட்டில் காயும் வைக்கோல் மேல் ஓட்டும்போதே அது அடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடிப்பதும் உண்டு. பேட்டரி லைட் பதற்றத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை.

நிறுத்தியதும் ஹெட்லைட்டை அணைத்து ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். டிக்கியில் இருக்கும் முக்கோண ரிஃப்ளெக்டரை எடுத்து வண்டிக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் காரிலிருந்து இறக்கி ரோட்டை விட்டு விலகி நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில், அதாவது விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் ரோட்டிலோ, திருச்சி - தஞ்சாவூர் - நாகப்பட்டினம் ரோட்டிலோ நின்றால் 1033-க்கு போன் செய்யலாம். தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண் அது. உள்ரோட்டில் நின்றால் உங்கள் மெக்கானிக் அண்ணன்தான் 1033.

'தள்ளு தள்ளு' வைத்தியம்

நின்ற காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது நம் தேசிய விளையாட்டு. பேட்டரி மட்டும் பலவீனமாக இருந்து ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தால், கியர் வண்டியில் அது பலிக்கும். ஆல்டர்னேட்டரே போய்விட்டது என்றால் பலிக்காது. பலித்தாலும் அடுத்த திருப்பத்தில் நிற்கும். வேறொரு காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வதும் இதே கதைதான்.

இன்னொரு பழைய வைத்தியம், இன்ஜின் ஓடும்போதே பேட்டரியின் டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. வண்டி ஓடினால் டைனமோ நல்லாயிருக்கு, நின்றால் போச்சு என்று தீர்ப்பு. அம்பாசடர் காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. இன்றைய காரில் பேட்டரியைக் கழற்றிய கணத்தில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் பல மடங்கு எகிறி, இன்ஜின் கம்ப்யூட்டரையே சுட்டுவிடக்கூடும். ஆல்டர்னேட்டரை விட அது விலை அதிகம். யாராவது ஸ்பேனரோடு அந்தப் பக்கம் போனால், "அண்ணே, வேண்டாம்ணே" என்று தாராளமாகத் தடுக்கலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சரியான சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற காரின் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு அதே இரண்டு முனைகளில் வைத்தால் 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் பேட்டரி நிரம்பியதும் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்துவிடும், அதற்கு பயப்பட வேண்டாம். லைட்டும் எரிந்து, வோல்டேஜும் 12.5-ஐத் தாண்டாமல் இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டர் பக்கம்தான் கோளாறு. புது பேட்டரி வாங்கச் சொல்கிற கடையில் இந்த இரண்டு எண்களையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தப்பே இல்லை.

கோளாறு என்றதும் முழு ஆல்டர்னேட்டரும் போய்விட்டதாக அர்த்தமில்லை. ஐடிலில் லைட் மினுக்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அணைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்துவதும் பெல்ட்டின் குரல்தான். மழைநீர் தேங்கிய ரோட்டில் இறங்கி ஏறியதும் லைட் எரிந்து, சற்று நேரத்தில் அணைந்தால் நனைந்த பெல்ட் வழுக்கியிருக்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரஷ், பேரிங், டையோடு என்று பாகத்தை மட்டும் மாற்றித் தருவார். இந்தச் சாமான் நமக்குத் தூரத்து உறவும் இல்லை. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ், சென்னை பாடியில் ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும் செய்கிற நிறுவனம். கோயம்பேட்டிலிருந்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் 'லூகாஸ்' என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டிருப்பார்கள்.

ஸ்மார்ட் ஹைபிரிட் என்று பேர் போட்ட கார்களில் ஆல்டர்னேட்டர் இருக்காது. அந்த இடத்தில் மோட்டார்-ஜெனரேட்டர் என்று ஒன்று, ஸ்டார்ட் செய்யவும் சார்ஜ் செய்யவும் சேர்த்தே இருக்கும். இதில் குறை இருக்கலாம் என்று 2019 டிசம்பரில் மாருதி சுஸூகி 63,493 சியாஸ், எர்டிகா, எக்ஸ்.எல்-6 பெட்ரோல் கார்களைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. 2019 ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரானவை அவை. பழைய கார் வாங்குகிறவர்கள் அந்த ஆண்டு வண்டி என்றால், அந்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு குற்றவாளி. எலி! சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயல் காலியானதும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்குகின்றன. ராத்திரியில் சூடாக, இருட்டாக, பாதுகாப்பாக இருப்பது பேனட்டுக்குள்தான். ஆல்டர்னேட்டருக்குப் போகிற மெல்லிய வயர் ஒன்றைக் கடித்தால் போதும், காலையில் சிவப்பு லைட். வைக்கோல் போருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் பக்கத்தில் காரை நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது பேனட்டைத் திறந்து பாருங்கள். நெல்மணி, வைக்கோல் துணுக்கு, எலிப் புழுக்கை கிடந்தால் குடித்தனம் வந்தாயிற்று. வயலில் எலி பிடிக்க மூங்கிலை வளைத்துச் செய்கிற தஞ்சாவூர் கிட்டியை வேளாண் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்கிறது. காருக்கும் அதுதான் கைகொடுக்கும். கிட்டியை பேனட்டுக்குள் வைத்துவிடாமல், சக்கரத்துக்குப் பக்கத்தில் எலி வந்து போகிற தடத்தில் வையுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.